பில் இல்லாத சரக்கு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டிக்குப் பதினேழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்தத் தொழிலில் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. லாபம் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் குடோனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பில் இல்லாத சரக்கு ஏதாவது உள்ளே வந்திருக்கும். விற்றது வரவில் ஏறியிருக்கும், வாங்கியது செலவில் ஏறியிருக்காது. ஏட்டைப் பார்க்கிறவர்களுக்கு முதலாளி பெரிய கெட்டிக்காரராகத் தெரிவார்.

உலக நாடுகளின் சுகாதார அமைப்புகளைச் செயல்திறன்படி வரிசைப்படுத்தும் பட்டியல்களும் இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. எந்த நாடு குறைந்த காசில் அதிக ஆரோக்கியம் தருகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். ஆரோக்கியம் வரவில் ஏறிவிடுகிறது. அதை உண்டாக்கப் பெண்கள் கொட்டும் உழைப்பில் பெரும்பகுதி செலவில் ஏறுவதே இல்லை.

இந்த வகைப் பட்டியல்களில் மிகவும் பேர்போனது, உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. மொத்தம் 191 நாடுகள். பிரான்ஸ் முதலிடம், இத்தாலி இரண்டாமிடம். அமெரிக்கா 37, கியூபா 39, இலங்கை 76, பங்களாதேஷ் 88, இந்தியா 112. மருத்துவத்துக்கு உலகத்திலேயே அதிகமாகச் செலவழிக்கும் அமெரிக்கா 37ஆவது இடத்தில் நின்றது எல்லோருக்கும் ருசியான செய்தி, எனக்கும்தான். ஆனால் அந்த அறிக்கையின் தலைமை ஆசிரியராக இருந்த பிலிப் மஸ்குரோவ் என்பவரே 2003இல் லான்செட் இதழில், அதிலிருந்த எண்களில் பாதிக்கு மேல் நேரில் அளந்து பெற்றவை அல்ல, மதிப்பிட்டு நிரப்பியவை என்று எழுதிவிட்டார். நிறுவனம் அதற்குப் பிறகு அப்படி ஒரு தரவரிசை போடவில்லை. அதன் சூத்திரத்தை வைத்து நிபுணர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். தலைக்கு இத்தனை டாலர் செலவு என்று கீழே போட்டு வகுக்கிறார்களே, அந்த டாலருக்குள் யாருடைய நேரம் இருக்கிறது, யாருடைய நேரம் இல்லை என்ற கேள்வி அந்தச் சண்டையில் உரக்கக் கேட்கவில்லை.

நமக்கு நெருக்கமான பட்டியல் ஒன்றும் இருக்கிறது. 1985இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை, குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்ற தலைப்பில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. சீனா, கோஸ்டாரிகா, இலங்கை, கேரளம் என்று நான்கு உதாரணங்கள். 2011இல் லண்டன் ஆய்வாளர்கள் அதே கேள்வியை மறுபடி எடுத்துக்கொண்டு ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பங்களாதேஷ், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து, தமிழ்நாடு. அன்றிலிருந்து கோட்டையில் யார் இருந்தாலும் இந்தப் புகழை மேடையில் சொல்லாமல் விடுவதில்லை.

சொல்வதற்கு விஷயமும் இருக்கிறது. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இதைச் சாதித்தவர்கள் யார் என்று அந்த ஆய்வுகளே சொல்கின்றன: கிராம சுகாதாரச் செவிலியர்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மேலூர், செக்கானூரணி, கள்ளிக்குடிப் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் ‘நர்சம்மா’ என்றால் யாரென்று தெரியும். ஊசி போடுவதில் தொடங்கி, கர்ப்பிணிக்கு ஆர்சிஹெச் எண் வாங்கித்தருவது வரை அவர் வேலை. அந்த எண் இல்லாமல் நம்மூரில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு.

செயல்திறன் என்ற சொல்லே எனக்குப் பகை என்று யாரும் நினைக்க வேண்டாம். வீண்செலவை ஒழித்து வரும் சிக்கனம் வேறு, செலவை அடுத்தவர் தலையில் தள்ளி வரும் சிக்கனம் வேறு. முதல் வகைக்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்குகிறது, பரிசோதனைக்கு அனுப்புகிறது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதற்கேற்ப மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இடைத்தரகனின் பங்கு போனது, மாத்திரை விலை இறங்கியது. மதுரையிலேயே 1992இல் ஆரோலேப் தொடங்கியபோது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் கொடுத்து வந்துகொண்டிருந்தது. இங்கேயே செய்து பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். இதில் எந்தப் பெண்ணின் தூக்கமும் களவு போகவில்லை. இதற்கு எவ்வளவு கைதட்டினாலும் தகும்.

அதே மதுரையில் இரண்டு வகைச் சிக்கனமும் பின்னிக் கிடக்கும் இடத்தையும் பேச வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது. இன்று உலகத்தின் வணிகப் பள்ளிகளில் அது பாடம். மெக்டொனால்டு கடையைப் பார்த்து அவருக்கு யோசனை வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையோடு இதை ஒப்பிட்டு, எத்தனை மடங்கு மலிவு என்று கட்டுரை எழுதியவர்கள் ஏராளம். அந்த இரண்டாவது மேசையைத் தயார் செய்து வைப்பது யார்? பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பயிற்சி முறையைக் கட்டி எழுப்பியதில் பெரும்பங்கு டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் ஜி. நாச்சியாருக்கு. ‘டாக்டர் வி’ என்ற பெயர் பரவிய தூரத்தில் நாச்சியார் பெயர் பாதிகூடப் பரவவில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பெண்களுக்கு அது நல்ல வேலை. நூல் மில்லுக்கோ பட்டாசுக்கோ போவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. நான் கேட்பது ஒப்பிடுகிறவர்களை. லண்டன் செவிலியர் கூலியையும் உசிலம்பட்டிப் பெண்ணின் கூலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வித்தியாசம் முழுவதற்கும் ‘மேலாண்மை’ என்று பெயர் வைக்கிறார்களே, அது எப்படி? வித்தியாசத்தில் ஒரு பகுதி மேலாண்மைதான். இன்னொரு பகுதி, பதினெட்டு வயதில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு முன்னால் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதன் விலை. அந்த விலையை நிர்ணயித்தது எந்த மருத்துவமனையும் இல்லை. சாதியும் வீடும் கல்யாணச் சந்தையும் சேர்ந்து நிர்ணயித்தது. ஆனால் பலன் பட்டியலில் போய் உட்காருகிறது.

இதெல்லாம் கூலி கொடுத்த உழைப்பு. கூலியே இல்லாததுதான் பெரிய குடோன்.

நம்மூர் மருத்துவமனை எதிலும் ஒரு நோயாளியைச் சேர்த்தால் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “துணைக்கு யாரு இருக்கா?” இந்தத் ‘துணை’ என்ன செய்கிறது? சீட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடுகிறது. ரத்த சாம்பிளை லேபில் கொடுத்து, சாயங்காலம் போய் ரிசல்ட் வாங்கி வருகிறது. பெட்பேன் வைக்கிறது, புண்ணுக்குப் படாமல் உடம்பு துடைக்கிறது, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்கிறது, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறது. ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அரைக்கண்ணில் கிடக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை என்று சுற்றுப்பட்ட மாவட்டமெல்லாம் வருகிறது. வயர்க்கூடையும் பிளாஸ்க்குமாக வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும், இதில் பெண்கள் எத்தனை பங்கு என்று. பிரான்ஸிலோ பிரிட்டனிலோ இந்த வேலைகளைச் செய்பவருக்குப் பதவிப்பெயர் உண்டு, சீருடை உண்டு, சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் அந்த நாட்டின் ‘செலவில்’ ஏறுகிறது. இங்கே அதே வேலை அம்மா, மனைவி, மகள், மருமகள் என்ற பெயர்களில் நடக்கிறது. பட்டியலில் நாம் மலிவு.

கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ராத்திரி எந்தப் பெரிய வார்டுக்காவது போய் எண்ணிப் பாருங்கள். குறைகிற செவிலியருக்குப் பதிலாக யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டு அட்டையிலேயே அறுவை முடிந்தது. அறுவையில் குறையொன்றும் இல்லை. முதல் ராத்திரி அண்ணன்தான் நின்றான். நர்ஸ் தங்கச்சி வந்து, “அண்ணே, லேடீஸ் யாரையாச்சும் வரச் சொல்லுங்கண்ணே. பொம்பள வார்டுல ஆம்பளைய ராத்திரி வைக்க முடியாது” என்றாள். நியாயம்தான். ஆனால் அப்பாவைச் சேர்த்திருந்த வருடம் ஆண்கள் வார்டில் அம்மாதான் இருபது நாள் கிடந்தாள்; அங்கே யாரும் “ஜென்ட்ஸ் யாரையாச்சும் வரச் சொல்லுங்க” என்று கேட்கவில்லை. அந்த நர்ஸ் தங்கச்சியையும் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான்.

ஐந்தாம் நாள், படுக்கை வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி நடக்க ஏழு மாதம் ஆனது. அக்கா அனுப்பானடியில் அப்பளம் தேய்த்துப் பிழைப்பவள். எடைக்குக் கூலி, தேய்க்காத நாளுக்குக் காசு கிடையாது. ஏழு மாதமும் அவள் தேய்க்கவில்லை. நான் வேலையை விட முடியாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள், ஏனென்றால் எனக்கு மாதச் சம்பளம். அண்ணனை விடச் சொல்லலாமா என்ற பேச்சு வாய் வரைக்கும்கூட வரவில்லை. “நான்தான் ஆட்டோ செலவு, மாத்திரை செலவு எல்லாம் பார்த்துக்கிட்டேனே பாப்பா” என்பான். பார்த்துக்கொண்டான், உண்மைதான். அந்த ஆட்டோ காசுக்குக்கூட அரசாங்கக் கணக்கில் இடம் இருக்கிறது. நோயாளி கைப்பணம் என்ற தலைப்பில் மருத்துவர் கட்டணத்தோடு மருத்துவத்துக்காகப் போன வண்டிச் செலவையும் சர்வேக்காரர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அக்காவின் ஏழு மாதத்துக்கு எந்தத் தலைப்பும் கிடையாது.

அந்த ஐந்தாம் நாளைக் கவனியுங்கள். நோயாளி சராசரியாக எத்தனை நாள் படுக்கையில் இருக்கிறார் என்பது செயல்திறனுக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அளவு. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி தன் ஒப்பீட்டு அறிக்கைகளில் அதைத் தவறாமல் போடுகிறது. நாள் குறைந்தால் திறமை கூடியது என்று பொருள். சீக்கிரம் குணமாகி நாள் குறைந்தால் சரி. கட்டில் மட்டும் மருத்துவமனையிலிருந்து அனுப்பானடிக்கு இடம் மாறினால்? அங்கே செலவு குறைந்தது, இங்கே அப்பளக் கூலி போனது. ஒரு ஏட்டில் கழித்ததை இன்னொரு ஏட்டில் கூட்டாமல் விட்டால் என் மண்டியில் அன்றைக்கே என்னைச் சீட்டுக் கிழித்துவிடுவார்கள்.

“பெத்த தாயைப் பார்த்ததுக்குக் கூலி கேக்குறியா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்கா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். அன்பு எவ்வளவு என்று அளக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று அளக்கச் சொல்கிறேன். அளக்க முடியாததும் இல்லை. 2019இல் ஒன்றிய அரசே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலிருப்பவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. 2015இல் லான்செட் அமைத்த பெண்கள் நல ஆணையம், உலகம் முழுக்க மருத்துவத்தில் பெண்கள் போடும் உழைப்பின் மதிப்பு வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் கோடி டாலர் என்றும், அதில் ஏறத்தாழ பாதிக்குக் கூலியே இல்லை என்றும் கணக்கிட்டது. ஆக, எண் இருக்கிறது. அதைத் தரவரிசைக்குள் கொண்டுவரத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். அங்கேயும் மாமனார் மாமியாருக்குப் படுக்கையில் எல்லாம் செய்வது மருமகள் கடமையாக இருந்தது. 1983இல் ஹிகுச்சி கெய்கோ என்ற எழுத்தாளர் முதுமையைப் பற்றிப் பேச ஒரு பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். முதியோர் பராமரிப்பைச் சமூகத்தின் பொறுப்பாக்க வேண்டும் என்று அவர்கள் வருடக்கணக்கில் அழுத்தம் கொடுத்தார்கள். 1997இல் சட்டம் வந்து, 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு அமலானது. ஜெர்மனியில் 1995இல் வந்த திட்டத்தில், வீட்டிலேயே பார்த்துக்கொள்பவருக்குப் பணமாகத் தருவதற்கு இடமிருந்தது. ஜப்பானியப் பெண்கள் அதையே எதிர்த்தார்கள். வீட்டுக்குப் பணம் கொடுத்தால் அது மருமகளைக் கட்டிலோடு கட்டிப்போடும் கயிறாகிவிடும், எங்களுக்கு வேண்டியது ஆள், சேவை என்றார்கள். நம்மூர் உதவித்தொகை அரசியலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

அந்தக் காப்பீட்டால் ஜப்பானின் செலவு ஏறியது. ஏட்டுக்கணக்கில் செயல்திறன் குறைந்தது என்றுகூட ஒருவர் எழுதலாம். நடந்தது என்னவென்றால், இத்தனை காலம் பில் இல்லாமல் வந்துகொண்டிருந்த சரக்கில் ஒரு பங்குக்கு முதல்முறையாகப் பில் போட்டார்கள். அங்கே இன்றும் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சம்பளமும் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையில் சிங்கப்பூர். ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் சுகாதாரச் செயல்திறன் பட்டியலில் 2014இல் முதலிடம். நம்மூர்த் தலைவர்களுக்கு அதன்மீது தீராத மையல். வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதில் அந்த ஊர் சாமர்த்தியம் காட்டுகிறது என்பார்கள். பார்த்துக்கொள்வது யார்? இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மரிலிருந்தும், நம் பக்கத்திலிருந்தும் போன இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுப் பணிப்பெண்கள். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பமாக இருக்கிறாளா என்பதும் அதில் அடக்கம். இருந்தால் வேலை அனுமதி ரத்து, ஊருக்கு விமானம். உலகின் மிகத் திறமையான சுகாதார அமைப்பு, தன்னைத் தாங்கும் பெண்ணின் கர்ப்பத்தை இப்படித்தான் கவனித்துக்கொள்கிறது.

இலங்கையையும் சும்மா கடக்க முடியவில்லை. 1985 தொகுப்பின் நாயகர்களில் ஒன்று அது. மருத்துவச்சிகளின் வலைப்பின்னலும் இலவச மருத்துவமும் தாய் இறப்பை எந்த அளவுக்கு இறக்கின என்பது உண்மையான சாதனை. ஆனால் மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சமவெளியிலிருந்து போய்த் தேயிலை கிள்ளிய நம் பெண்களுக்கு 1948இல் குடியுரிமையே பறிபோனது. தோட்டத்து மருத்துவம் பல பத்தாண்டுகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தது. லயன் வீடுகளில் குழந்தைச் சாவு நாட்டின் சராசரிக்கு மேலேயே இருந்துவந்தது. அந்த நாட்டின் அந்நியச் செலாவணி தேயிலையில் வந்தது. இலவச மருத்துவத்துக்கு யார் கைவிரல் காசு கொடுத்தது, யாருக்கு அது கடைசியில் போய்ச் சேர்ந்தது என்று சராசரி சொல்லாது.

இனி, செயல்திறன்தான் எல்லாம் என்பவர்களை அவர்கள் அளவுகோலாலேயே ஒரு கேள்வி கேட்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. அதே கணக்கெடுப்பில், கருத்தடை அறுவை செய்துகொண்ட மனைவியர் 57.8 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம். ஆணுக்குச் செய்யும் அறுவை சின்னது, ஆபத்துக் குறைவு, செலவு குறைவு, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநிலம் ஆண்களுக்குப் பணம் கொடுத்து இதைச் செய்த அனுபவமும் இருக்கிறது. அவசரநிலைக் காலத்து அத்துமீறலுக்குப் பிறகு ஆண்கள் கோபப்பட்டார்கள். கத்தி பெண் பக்கம் திரும்பியது. மலிவான, பத்திரமான வழி கையில் இருந்தும் விலை கூடிய, வலி கூடிய வழியை அரை நூற்றாண்டாக ஓட்டுகிறோமே, எந்த நிபுணராவது இதைச் ‘செயல்திறன் இன்மை’ என்று எழுதினாரா? வயிறு பெண்ணுடையதாக இருக்கும்வரை அந்தச் சொல் அவர்கள் பேனாவுக்கு வராது.

சிசேரியனும் இந்தக் கதைதான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8. மருத்துவருக்கு நேரம் மிச்சம், நாளும் கிழமையும் குறித்துக்கொள்ளலாம். மிச்சமான மணிநேரத்தை வீட்டில் வாரக்கணக்கில் அடைப்பவள், தையலோடு குழந்தையைத் தூக்கும் அந்தப் பெண். அவளைத் தூக்கிவிட இன்னொரு பெண் வேண்டும். பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. செத்தால் தாய் இறப்புக் கணக்கில் வருவாள். சோர்ந்துபோய் இருபது வருடம் வாழ்ந்தால் எந்தத் தரவரிசையும் தடுமாறாது.

இப்போது இந்தப் புகழ்ச்சியெல்லாம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு வருகிறேன். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். விருது வாங்கிய அன்றும் அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, ‘தன்னார்வலர்கள்’. நம்மிடம் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரும் நல்ல திட்டம். வயதானவர்கள் பஸ் ஏறாமல் மாத்திரை வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். 2024இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. வாசலில் வந்து நிற்பவர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்த பெண். அவர் பெயரும் ‘தன்னார்வலர்’தான், அவர் வாங்குவது சம்பளம் இல்லை, ‘ஊக்கத்தொகை’.

செவிலியரைப் பாருங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்துத்தான் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் நாட்டுக்கு அந்த எண் தெரிந்தது. கொரோனாவில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். கைதட்டி விளக்கேற்றியவர்கள் யாரும் அன்று தெருவுக்கு வரவில்லை. உலகச் சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமை நாற்காலிகளில் 25 சதவீதம்தான் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் எழுதியது. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்ற புகழ், அந்தக் குறைந்த செலவைக் குறைவாகவே வைத்திருக்கக் காரணமாகிவிடுகிறது. “இவ்வளவு கொடுத்தே இவ்வளவு நடக்கிறதே, கூட்டி ஏன் கொடுக்க வேண்டும்?” என்று எந்த நிதித்துறை அதிகாரிக்கும் தோன்றும்.

ஏழை நாடு, காசுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். காசு ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. அப்பளக் கூலியாக, நடவுக் கூலியாக, நூறு நாள் வேலையில் விட்ட நாளாக, பெண்களின் மடியிலிருந்து. இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கச் சொல்லவில்லை. செவிலியர் பணியிடங்களைக் கவுன்சில் அளவுக்கு நிரப்புங்கள், தன்னார்வலர் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பணியாளர் என்று எழுதுங்கள், அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே பராமரிக்க ஓர் ஆளையும் சில வாரங்களுக்கு அனுப்புங்கள் என்பவை நெடுநாள் கோரிக்கைகள். அவை நடக்க நாளாகும். நாளையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் துணைக்கு இருப்பவருக்குப் பாஸ் கொடுக்கிறார்கள். வருடத்துக்கு எத்தனை பாஸ் கொடுத்தார்கள் என்பது ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கும். அதைக் கூட்டி, எட்டு மணி நேரம் ஒரு வேலைநாள் என்று வைத்து, குறைந்தபட்சக் கூலியால் பெருக்கி, மருத்துவமனையின் ஆண்டுச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதட்டும். அதற்குப் பிறகு பிரான்ஸோடும் பிரிட்டனோடும் ஒப்பிடட்டும். பாஸில் ஆண், பெண் என்று ஒரு கட்டமும் சேர்க்க வேண்டியிருக்கும். அச்சடிக்கிற செலவு அதனால் கூடாது, நான் விசாரித்துவிட்டேன்.